கடன்பட்ட வீட்டின் காசும் கணக்கும்

ரொறன்ரோவிலிருந்து ஒரு பழைய வாசகர் தொலைபேசியில் அழைத்திருந்தார். வன்னியில் நான் செய்தி தேடித் திரிந்த காலத்திலிருந்தே அறிமுகமானவர். வழக்கமான சுகநல விசாரிப்புகள் முடிந்ததும் சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்: "அண்ணை, நான் வங்குரோத்துக்குப் போகப் போறன். அதுக்கு முன்னம் தங்கச்சியின்ரை காசைக் குடுத்திட்டுப் போகலாமோ?"

கடனட்டைகள், கார்க் கடன், நட்டத்தில் மூடிய ஒரு சிறு உணவகம் என்று அவருடைய கடன் பெருகியிருந்தது. வங்கியில் மிஞ்சியிருந்தது ஆறாயிரம் டொலர். விசுவமடுவுக்கு அண்மையில் வாழும் தங்கை, முன்னொரு காலத்தில் தன் நகைகளை விற்று இவருடைய பயணத்துக்குக் காசு கொடுத்தவர். வங்கிகள் வாயில் போடுமுன் அந்த ஆறாயிரத்தையும் தங்கைக்கு அனுப்பிவிட்டால் மனச்சாட்சிக்கு நிம்மதி என்பது அவருடைய எண்ணம். அதில் குற்றம் காண என்னால் முடியவில்லை. ஆனால் சட்டம் குற்றம் காணும்.

நான் சட்டத்தரணி அல்லன். ஆயினும் நீதிமன்றச் செய்திகளை நெடுங்காலம் எழுதியவன் என்ற வகையில் அறிந்ததைச் சொன்னேன். கனடாவில் வங்குரோத்துக்கு விண்ணப்பிப்பவர் தம் சொத்து, கடன், அண்மைக்காலக் கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்திய 3 மாதங்களில் கடன் கொடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணம் கொடுத்திருந்தால் அது கேள்விக்குள்ளாகும். அவர் உறவினர் என்றால் 12 மாதங்கள் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். கொடுத்த பணத்தை மீட்டெடுக்கவும் வழக்குத் தொடரலாம். இங்கிலாந்தில் இதே கேள்வி உறவினர் விடயத்தில் 2 ஆண்டுகள் வரை நீளும்.

வங்கிக் கணக்கைப் பற்றியும் கேட்டார். கடன் வாங்கிய வங்கியிலேயே சேமிப்புக் கணக்கும் இருந்தால், அந்தச் சேமிப்பிலிருந்து கடனைக் கழித்துக்கொள்ளும் உரிமை பொதுவாக வங்கிக்கு உண்டு. ஆதலால் கடனில்லாத வேறொரு வங்கியில் புதுக் கணக்கைத் திறந்து, சம்பளத்தை அதில் விழச் செய்வது அங்கு பலரும் செய்வது. அந்தப் புதுக் கணக்கையும் பட்டியலில் எழுதிக் கொடுக்கும் வரை அதில் தவறில்லை. மனைவியின் பெயரிலோ மச்சானின் பெயரிலோ காசை ஒளிப்பதுதான் தவறு. இந்த வேறுபாட்டைப் பலர் அறியாமலே சிக்கிக்கொள்கிறார்கள்.

"அப்ப வங்கிக்காரனுக்கும் என்ரை தங்கச்சிக்கும் ஒரே நீதியோ?" என்று கேட்டார்.

ஆம், ஒரே நீதிதான். தங்கையும் கடன் கொடுத்தவர்களுள் ஒருவராகப் பட்டியலில் நிற்க வேண்டும். கிடைப்பது எல்லாருக்கும் விகிதப்படி. கசப்பான பதில்தான். ஆனால் அந்தக் கசப்புக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. உண்மையைச் சொன்னவனின் கதவை அதன் பிறகு கடன் வசூலிப்பவர் தட்டுவதில்லை.

சில வாரங்களின் பின், பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் போகும் தேவை எனக்கு ஏற்பட்டது. தங்கையின் வீட்டிலும் இறங்கினேன். அண்ணனின் வங்குரோத்தைப் பற்றிப் பேசப் போன இடத்தில் இன்னொரு வங்குரோத்தைக் கண்டேன். அதற்குச் சட்டத்தில் பெயரில்லை.

கணவரை 2009-இல் முள்ளிவாய்க்காலில் இழந்தவர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு காணிக்குத் திரும்பியவர். 2012-இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் அவருக்கும் ஒரு வீடு கிடைத்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக. சீமெந்து, மணல், கம்பி, கூலி எல்லாம் ஏறிய நேரத்தில் அந்தப் பணம் கூரை வரை வரவில்லை. மீதிக்குக் கடன்பட்டார். வன்னியில் அன்று கடன் கிடைப்பது எளிது. போர் முடிந்து ஏ-9 வீதி திறந்ததும், பாடசாலைகளின் கூரைகள் சரியாகப் போடப்படுமுன்னரே கிளிநொச்சி நகரின் இருமருங்கும் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் பெயர்ப்பலகைகளை நட்டுவிட்டிருந்தன.

அவர் 2017-இல் எடுத்த ஒரு குழுக்கடனின் அட்டையை இன்னமும் வைத்திருந்தார். 80,000 ரூபாய்க் கடன். கிழமைக்கு 2,000 ரூபாயாக 52 கிழமைகள். மொத்தம் 1,04,000. "நூற்றுக்கு முப்பது வட்டி" என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. ஆனால் ஆண்டின் நடுப்பகுதியில், முதலில் பாதி திரும்பிப் போய்விட்ட பிறகும், முழு 80,000 ரூபாய்க்குமே வட்டி கட்டுகிறார். குறைந்து செல்லும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 50 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இது விதிவிலக்கான கடன் அன்று. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, இங்குள்ள நுண்கடன்களின் வட்டி 40 முதல் 220 விழுக்காடு வரை போவதாகத் தம் அறிக்கையில் எழுதினார். கடன் அறவிட வருபவர்கள் பெண்களிடம் நடந்துகொள்ளும் முறையையும் அவர் அதில் பதிவு செய்தார்.

அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது. நான் போன நாளில் அவருக்கு மூன்று கிழமைக் கட்டுப்பணங்கள் இருந்தன. கூட்டிப் பார்த்தால் 6,850 ரூபாய். தையலும் கோழியும் சேர்ந்து கிழமைக்குத் தரும் வருமானம் ஏறத்தாழ 9,000. மிகுதியில்தான் சோறு, பள்ளிக்கூடம், மருந்து, மின்கட்டணம்.

வீட்டுக் காசை அவர் எப்படிக் கையாள்கிறார் என்று கேட்டேன். அரிசி வாளிக்குள் மூன்று கடித உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கிழமை நாளின் பெயர். எந்த உறைக்கு முதலில் காசு போடுவது? அதிக வட்டி உள்ளதற்கா, பழைய கடனுக்கா? இரண்டுக்கும் இல்லை. எந்த வசூல்காரர் வீட்டு விறாந்தையில் இருள் கவியும் வரை குந்தியிருப்பாரோ, அவருடைய உறைக்கே முதலிடம். அடுத்த இடம் குழுவுக்கு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும் என்பது குழுக்கடனின் விதி. அயல் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதே.

வங்கிப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அதில் சில நூறு ரூபாய்கள் மட்டுமே கிடந்தன. அதே வங்கியில் ஒரு சிறு கடனும் இருப்பதால், காசு விழுந்த அன்றே எடுத்துவிடுகிறார். தையல் இயந்திரம் அவருடைய வீட்டில் இல்லை. பக்கத்து வளவில், சகோதரி முறையான ஒருவரின் வீட்டில் வைத்துத் தைக்கிறார். யாரும் தூக்கிப் போய்விடுவார்கள் என்ற பயம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கையில் அண்ணனுடைய கேள்விகள் எனக்கு நினைவு வந்தன. ஒரு கடன்காரருக்கு முந்திக் கொடுத்தல், கணக்கிலிருந்து காசை வெளியே எடுத்தல், உடைமையை உறவினர் வீட்டுக்கு மாற்றுதல் என, வங்குரோத்துக்கு முன் செய்யக்கூடாதென ரொறன்ரோவில் எச்சரிக்கப்படும் அத்தனையையும் விசுவமடுவில் தங்கை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார். அவரை ஏமாற்றுக்காரி என்று சொல்ல யாருக்கு நா எழும்? ஒளிக்காமல் சொல்வதற்கு அவருக்கு ஓர் இடம் இல்லை. "உங்கள் நிலைமையை எங்கேயாவது போய்ச் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது, ஐயா?"

இந்தக் கேள்விக்குத்தான் இக்கட்டுரை.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1853-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கடனிறுக்க வகையற்றோர் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் விட்டுச் சென்றது. தவிர்க்க முடியாத இழப்பினால் நொடிந்தவருக்கு முதலாம் வகுப்புச் சான்றிதழ், தம் பிழையால் நொடிந்தவருக்குக் கீழ்வகுப்புச் சான்றிதழ் என்று அது தரம் பிரித்தது. நொடிந்தவன் எல்லாம் கள்ளன் அல்லன் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டே அறிந்திருக்கிறது. ஆனால் அது மாவட்ட நீதிமன்றமும் சட்டத்தரணியும் கணக்குப் புத்தகமும் உள்ள வணிகனுக்காக எழுதப்பட்டது. அந்தச் சட்டத்தைப் பிடித்துக் கரையேறிய ஒரு கைம்பெண்ணை வன்னியில் நான் கண்டதில்லை.

தமிழகத்தில் "மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டான்" என்ற வழக்கு உண்டு. அங்கும் அது நகைப்புக்குரிய சொல்லாகவே வாழ்கிறது. இந்தியா 2016-இன் நொடிப்புச் சட்டத்தில் மிகச் சிறிய கடனாளிகளுக்கென ஒரு "புதுத் தொடக்க" முறையை எழுதி வைத்தது. எழுதிய பின் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் ஆண்டுகள் பலவற்றைக் கடத்தியது.

1889-ஆம் ஆண்டின் எமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இன்னொரு நல்ல காரியம் செய்திருக்கிறது. கடனுக்காகச் சொத்தைக் கைப்பற்றும்போது கடனாளியின் உடுப்பு, படுக்கை, தொழிற்கருவிகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது. அவர் கமக்காரர் என்றால் பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவி, மாடு, விதைநெல் ஆகியவற்றையும் தொடக்கூடாது. ஆகவே தங்கையின் தையல் இயந்திரத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு நீதிமன்றக் கட்டளையோடு வரும் அலுவலரிடமிருந்துதான் காக்கும். மோட்டார் சைக்கிளில் வருபவர் நீதிமன்றத்திலிருந்து வருவதில்லை. அவரிடம் சட்டம் பேச அந்தப் பெண்ணுக்குத் துணையும் இல்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அதுவும் நேர்மையாகாது. 2018-இல், மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் வந்தது. கடன் 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாகவும், 3 மாதங்களுக்கு மேல் கட்டப்படாததாகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பின்னர் பதிவுபெற்ற நிறுவனங்களின் வட்டிக்கு 35 விழுக்காடு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் நமது தங்கைக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அவர் தாலிக்கொடியை அடகு வைத்து, மற்றோரிடம் மீற்றர் வட்டிக்கு வாங்கி, தவணை தவறாமல் கட்டிவிட்டிருந்தார். கட்டாதவருக்குத் தள்ளுபடி, கழுத்தை வெறுமையாக்கிக் கட்டியவருக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு வீட்டின் முழுக் கணக்கையும் பாராமல், ஒரு கடனை மட்டும் எடுத்துப் பார்த்ததால் விளைந்த அநீதி இது.

பிறகு 2022 வந்தது. ஏப்ரல் 12-ஆம் திகதி இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. "எம்மிடம் இல்லை" என்று ஒரு நாடு உரத்துச் சொன்னது. அதன் வாசலில் யாரும் இருள் கவியும் வரை குந்தியிருக்கவில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கைகொடுத்தது. பேச்சுவார்த்தைகள் நடந்தன. 2024 டிசெம்பரில் பிணைமுறிக்காரர்களுடன் கடன் மறுசீரமைக்கப்பட்டது. அதே 2024-இல், ஈடுவைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கிகள் ஏலம் விட வழிசெய்யும் "பராட்டே" அதிகாரத்தை நாடாளுமன்றம் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. நொடிந்த வணிகர்கள் மூச்சுவிட்டார்கள். இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். நாட்டுக்கு ஒரு கதவு திறந்தது, வணிகனுக்கு ஒரு சாளரம் திறந்தது. அந்த நெருக்கடியில் விலையும் வட்டியும் ஏறியபோது வன்னிப் பெண்ணின் வீட்டுக்கு எது திறந்தது என்பதுதான் என் கேள்வி.

ஏழைகளுக்கென்று தனிக் கதவு செய்ய முடியாதா? முடியும். இங்கிலாந்திலும் வேல்சிலும் அதற்கு ஒரு சட்டம் உண்டு. சொத்தோ மேலதிக வருமானமோ இல்லாத சிறு கடனாளி, அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் ஒருவர் மூலம் விண்ணப்பிப்பார். ஆணை கிடைத்ததும், அதில் அடங்கிய கடன்களுக்காக 12 மாதங்களுக்கு யாரும் அவரை நெருக்க முடியாது. நிலைமை மாறாவிட்டால் ஆண்டு முடிவில் அந்தக் கடன்கள் அழிந்துபோகும். தொடக்கத்தில் 90 பவுண்கள் கட்டணம் இருந்தது. 2024-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். கடன் எல்லையை 50,000 பவுண்களாக உயர்த்தினார்கள். அந்த முறை நடைமுறைக்கு வந்த நாள் 2009 ஏப்ரல் 6. அதே கிழமைகளில் வன்னி மக்கள் புதுமாத்தளன் கடற்கரையோரத்தில் கையில் ஒரு பையோடு நெருக்குண்டு கிடந்தார்கள். அந்தப் பைகள் சிலவற்றில் தமிழீழ வைப்பகத்தின் சேமிப்புப் புத்தகங்களும் அடகுச் சீட்டுகளும் இருந்தன. மே மாதத்துக்குப் பின் அவை வெறுங்கடதாசி. அங்கு கைப்பற்றப்பட்ட நகைகளில் ஒரு பகுதியை இராணுவம் பொலிசாரிடம் ஒப்படைத்தது 2025 மே மாதத்தில். பதினாறு ஆண்டுகள் கழித்து. தம் சேமிப்பைச் சாம்பலாகக் கண்ட மக்கள் வங்கியை விட அரிசி வாளியை நம்புவதை யார் குறைகூற முடியும்?

இலண்டன் சட்டத்தை அப்படியே கொண்டுவந்து நட வேண்டியதில்லை. எமது பிரதேசங்களில் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தவை. சிறு தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் அங்கே போக வேண்டும். தமிழில் பேசலாம், கட்டணம் பெரிதில்லை, இருப்பவர்கள் ஊரறிந்த மனிதர்கள். அந்தச் சபைகளுக்குச் சட்டத்தால் ஓர் அதிகாரத்தைச் சேர்க்கலாம். கடனாளி தம் எல்லாக் கடன்களையும் உடைமைகளையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கட்டும். கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்கு யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடாது. உணவுக்கும் பள்ளிக்கும் வேண்டியது போக மிஞ்சுவதை எல்லாக் கடன்காரருக்கும் விகிதப்படி பகிரலாம். கட்டிய வட்டி முதலைத் தாண்டியிருந்தால் அங்கேயே கணக்கை முடிக்கலாம். இயலாத மிகுதியை ஆண்டின் முடிவில் அழிக்கலாம்.

இப்படிச் செய்தால் கடன் வாங்கியவன் எல்லாம் கைவிரிப்பான் என்று நிறுவனங்கள் சொல்லும். அதற்கான பதில் அந்தச் சத்தியக் கடதாசியிலேயே இருக்கிறது. ஒளித்தவனுக்குக் கதவு இல்லை. உறவினருக்கு முந்திக் கொடுத்தவனைச் சட்டம் கேள்வி கேட்கும். ரொறன்ரோ அண்ணனுக்குக் கசந்த அதே கண்டிப்பு இங்கும் இருக்கட்டும். ஒருவனுக்கு விடுதலை தரும் சட்டம் அவனிடம் உண்மையைக் கேட்க உரிமை உடையது. விடுதலையே தராத இடத்தில் உண்மையை மட்டும் கேட்பது எப்படி நியாயமாகும்?

அந்தக் கதவு திறக்கும் வரை வன்னியில் உள்ளவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லலாம். முதலாவது, எல்லாக் கடன்களையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்று. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கட்டாதீர்கள். இரண்டாவது, வீட்டுச் செலவுக்கான காசையும் வெளிநாட்டிலிருந்து வரும் காசையும் கடனில்லாத வங்கியில் போடுங்கள். மூன்றாவது, பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் எடுக்குமுன், மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். நான்காவது, காணி உறுதியை யாருடைய பெயருக்கும் அவசரத்தில் மாற்றி எழுதாதீர்கள். கடன்காரரிடமிருந்து காக்கக் கொடுத்த காணி உறவினரிடமே நின்றுவிட்ட கதைகள் எனக்குத் தெரியும். ஐந்தாவது, சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். ஏழைகளுக்காகவே 1978-இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது அது. வழக்குக் கட்டளையோடு வருபவர் யார், வெறும் வசூல்காரர் யார் என்பதை அறிந்துகொள்வதே பாதிப் பயத்தைப் போக்கும்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் அனுப்பும் காசு பல நேரங்களில் மூன்று உறைகளுள் ஒன்றுக்குள் போய் வட்டியாகக் கரைகிறது. அனுப்புமுன் அந்தக் கொப்பியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கடனையாவது முழுமையாக முடிக்கும் தொகையாக அனுப்பினால் ஓர் உறை ஒழியும்.

அண்ணன் ஆறாயிரத்தை அனுப்பவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்திட்டார். அவருடைய கடன்காரர் பட்டியலில் பெரிய வங்கிகளின் பெயர்களோடு விசுவமடு முகவரி ஒன்றும் ஏறியது. உரிமை கோருவதற்கான படிவம் தங்கைக்கும் வந்து சேர்ந்தது. அதை நிரப்பிக் கொடுக்கச் சொல்லி என்னை அழைத்தார். கிடைக்கப்போவது சொற்பம் என்பதை விளக்கினேன்.

"பரவாயில்லை ஐயா. நானும் கடன் குடுத்தவள் எண்டு ஒரு கடதாசியிலை பேர் வந்திருக்கு, முதல் தடவையா" என்றார்.

வியாழக்கிழமை உறைக்கு அன்று இன்னும் நானூறு ரூபாய் குறைவாக இருந்தது.